ஆய்வேட்டுத் தலைப்பிலிருந்து 'இனம்' என்ற சொல்லை எடுத்துவிடவா?

டெக்சஸில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கொள்கையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஒரு பெண் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். வயது 31, ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர். 69 சதவீத இட ஒதுக்கீட்டில் சீட் கிடைத்துப் பொறியியல் படித்தவர். இரண்டு வருடம் கிராமத்துப் பள்ளியில் பாடம் எடுத்தபோது கல்விக் கொள்கையில் ஆர்வம் வந்து, 2021-ல் அமெரிக்கா போயிருக்கிறார்.

ஒரே தவறைச் செய்த கறுப்பின மாணவருக்கும் வெள்ளையின மாணவருக்கும் பள்ளி ஒரே தண்டனையைத்தான் கொடுக்கிறதா என்பது அவருடைய ஆய்வு. ஒரு இயல் நாடு முழுவதற்குமான ஃபெடரல் (மத்திய அரசு) தரவை வைத்து, மற்ற இரண்டு இயல்கள் டெக்சஸ் மாநிலப் பள்ளிப் பதிவுகளை வைத்து. 2025 வசந்தத்தில் நெறியாளருக்கு என்எஸ்எஃப் (அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை) கொடுத்த நல்கை பாதியில் ரத்தானது. இப்போது வகுப்பு உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டு ஆய்வேட்டை எழுதுகிறார். 2027 மே மாதம் முடிக்கத் திட்டம்.

அவர் கேட்பது இவை. ஆய்வுக் குழுவில் ஒருவர், "தலைப்பிலும் சி.வி.யிலும் இருக்கிற 'இனம்', 'ஈக்விட்டி' (சமநீதி) என்ற சொற்களை எடுத்துவிடு, இல்லாவிட்டால் வேலை கிடைக்காது" என்கிறார்; எடுத்துவிடலாமா? டல்லாஸில் இருக்கும் அத்தான், "நமக்கெதுக்கு இந்த ஊர் வம்பு, பேசாம டேட்டா சயன்ஸுக்கு மாறிடு" என்கிறார், மாறலாமா? கூடப் படிக்கும் ஒரு கறுப்பினத் தோழி ஒருநாள், "எங்கள் பிள்ளைகளைப் பற்றி நீ ஏன் எழுதுகிறாய்?" என்று கேட்டுவிட்டார், அதற்கு என்ன பதில்? கடைசியாக, நவம்பரில் அப்பாவுக்கு 60 நிறைகிறது. மணிவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டு வரலாமா? விசா முத்திரை ஜூலையோடு முடிகிறது.

"இன ஆய்வே சட்டவிரோதம் ஆகிவிட்டது என்கிறார்கள் அக்கா. அஞ்சு வருஷத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு என்ன செய்வேன்?" என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

அக்கா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். அந்த உரிமையிலேயே பேசுகிறேன். ஆய்வு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. நான் வக்கீல் இல்லை. விசா பற்றி நான் சொல்வதை உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் டிக்கெட் போட வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பயம் நிறைய இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் நான்கைந்து வெவ்வேறு பயங்கள் ஒன்றாக முறுக்கிக்கொண்டு ஒரே கயிறாகத் தெரிகின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

எது தடுக்கப்பட்டிருக்கிறது, எது தடுக்கப்படவில்லை

இன ஆய்வு சட்டவிரோதம் ஆகவில்லை. 2023 ஜூன் 29-ல் ஹார்வர்ட், வட கரோலினா வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொன்னது கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி. விண்ணப்பதாரரின் இனத்தைப் பார்த்து இடம் கொடுக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. இனத்தைப் பற்றி ஆராயக் கூடாது என்று அதில் ஒரு வரி கூடக் கிடையாது. இட ஒதுக்கீட்டில் படித்து வந்த உங்களுக்கு அந்தத் தீர்ப்பு ஏன் தனியாக வலித்தது என்று எனக்குப் புரிகிறது. நம்மூரிலும் 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்தது. சென்னை மாகாணம் கொந்தளித்தது, அதே வருடம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் அப்படி ஒரு திருத்தம் வருவது அநேகமாக நடக்காத காரியம். அங்கே அரசியல் சட்டத்தைத் திருத்த இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்து, அப்புறம் நான்கில் மூன்று பங்கு மாநிலங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் நம்மூர் அனுபவத்தை அளவுகோலாக வைத்து அங்கே நடப்பதை எடை போடாதீர்கள். ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அடுத்து டெக்சஸ். நீங்கள் பயப்படும் எஸ்.பி. 17 சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் டிஇஐ (பன்முகத்தன்மை, சமநீதி, உள்ளடக்கல்) அலுவலகங்களை மூடச் சொன்ன மாநிலச் சட்டம் அது. அதன் விதிவிலக்குப் பகுதியை ஒரு தடவை நீங்களே எடுத்து நிதானமாக வாசியுங்கள். வகுப்பறைப் பாடத்துக்கும் ஆய்வுக்கும் அந்தத் தடை பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. யாருடைய ஆய்வு என்று சொல்லும் இடத்தில் ஆசிரியர்களோடு மாணவர்களையும் குறிப்பிட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஆய்வேட்டுக் கோப்பில் வையுங்கள். யாராவது "உன் தலைப்பே சட்டத்துக்கு விரோதம்" என்றால் எடுத்துக் காட்டலாம்.

2025 பிப்ரவரி 14-ல் ஃபெடரல் கல்வித் துறை எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியது நினைவிருக்கும். சேர்க்கை பற்றிய தீர்ப்பைக் கல்வி வளாக வாழ்க்கை முழுவதற்கும் இழுத்துப் பொருத்திய கடிதம் அது. அந்த ஆகஸ்டில் மேரிலாந்தில் ஃபெடரல் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

அப்படியென்றால் அடி எங்கே விழுந்தது? பணத்தில். 2025 பிப்ரவரியில் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவில் சுமார் 90 கோடி டாலர் பெறுமான ஒப்பந்தங்கள் ஒரே வாரத்தில் ரத்தாயின. மார்ச்சில் துறையின் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போனார்கள். தேசியக் கல்விப் புள்ளியியல் மையத்தில் சுமார் 100 பேர் இருந்த இடத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். ஏப்ரலில் என்எஸ்எஃப் நல்கைகள் சரிந்தன; உங்கள் நெறியாளருடையதும் அதில் ஒன்று. நல்கையை நிறுத்துவதும் ஆய்வைத் தடை செய்வதும் வேறு வேறு. கையில் சம்பளம் நின்றுபோனவருக்கு இந்த வித்தியாசம் ஆறுதல் தராது என்று தெரியும். ஆனாலும் முடிவெடுக்கும்போது இது முக்கியம். பணத்துக்கு வேறு வாசல் தேடலாம், சட்டத் தடைக்கு அப்படித் தேட முடியாது.

இன்னொரு இடத்தில் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டும்: நீங்கள் உதவியாளராக நிற்கும் வகுப்பறை. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பு 2025 நவம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. இனம், பாலினம் பற்றிய 'சித்தாந்தத்தை' ஆதரித்துப் பேசும் பாடங்களுக்கு வளாகத் தலைவரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது என்ன விதி என்று துறைத் தலைவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பாடத்திட்டத்தில் இருப்பதை மட்டும் நடத்துங்கள். மாணவர் கேள்வி கேட்டால் தரவைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். ஆய்வேட்டுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு வகுப்பில் வாய் தவறி வரும் ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்காமல் போகலாம்.

தலைப்பில் மாற்றலாம், அட்டவணையில் கூடாது

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். குழு உறுப்பினர் சொன்னதை நீங்கள் துரோகமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். 2025-ல் எந்தெந்தச் சொற்களைத் தேடிப்பிடித்து நல்கைகளை வெட்டினார்கள் என்று பார்த்தவர் அவர்.

இந்தத் துறையின் சொற்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறியே வந்திருக்கின்றன. 1901-ல் அட்லாண்டாவில் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ் கறுப்பினப் பொதுப் பள்ளிகளைக் கணக்கெடுத்தபோது தலைப்பில் இருந்தது 'நீக்ரோ' என்ற சொல். குடிமை உரிமைச் சட்டம் கட்டளையிட்டதால் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் சுமார் 4,000 பள்ளிகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1966-ல் கொடுத்த அறிக்கையின் தலைப்பில் இனம் என்ற சொல்லே இல்லை. கல்வி வாய்ப்பில் சமத்துவம் என்றுதான் இருந்தது. உள்ளே அட்டவணைக்கு அட்டவணை இனம் இருந்தது. அப்புறம் 'பின்தங்கியோர்', 'சிறுபான்மையினர்', 'அடைவு இடைவெளி' என்று சொற்கள் வந்தன. 2006-ல் கல்வி ஆய்வாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 'இடைவெளி என்று சொல்லாதீர்கள், இது கல்விக் கடன்' என்ற பொருளில் பேசினார். பல தலைமுறைகளாகக் கொடுக்காமல் விட்ட பாக்கி என்று. அதற்குப் பிறகுதான் 'ஈக்விட்டி' எல்லா இடத்திலும் பரவியது. நீங்கள் துறைக்குள் வந்த 2021-ல் அந்தச் சொல் உச்சத்தில் இருந்தது. அதனால்தான் அந்தச் சொல்லை எடுத்தால் ஆய்வே செத்துவிடும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது.

எனவே என் யோசனை இது. 'ஈக்விட்டி' என்ற சொல் தலைப்பிலிருந்து போனால் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பதிலாக நீங்கள் என்ன அளந்தீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள்: டெக்சஸ் பள்ளிகளில், ஒரே வகை ஒழுங்குமீறலுக்கு, மாணவர் பிரிவு வாரியாகக் கிடைத்த தண்டனைகள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை, பழைய தலைப்பைவிடத் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அட்டவணையிலிருந்து இனம் என்ற மாறியை எடுக்கச் சொன்னாலோ, முடிவுகளில் வந்த வித்தியாசத்தை 'பிற காரணிகள்' என்று மழுப்பச் சொன்னாலோ, முடியாது என்று சொல்லுங்கள். முதலாவது சொல்லைத் திருத்துவது. இரண்டாவது, யாருக்கு என்ன நடந்தது என்ற உண்மையை அழிப்பது. சி.வி.யிலும் அப்படியே. ஏற்கெனவே வாசித்த கட்டுரைகளின் தலைப்பை மாற்றாதீர்கள். அவை மாநாட்டுப் பதிவுகளில் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் உங்களைத்தான் சந்தேகப்படுவார்கள்.

நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது, இந்தக் கடிதத்தில் நான் அதிக நேரம் யோசித்ததும் அதைப் பற்றித்தான். 2025 ஏப்ரல் 23-ல் இரண்டு அதிபர் ஆணைகள் வந்தன. ஒன்று பள்ளி ஒழுங்கு பற்றியது. இன்னொன்று, ஆங்கிலத்தில் டிஸ்பரேட் இம்பாக்ட் என்கிறார்களே, அதைக் கைவிடச் சொன்னது. அதாவது, விதி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் விளைவு ஒரு பிரிவினர் மேல் மட்டும் அதிகமாக விழுகிறது என்றால் அதையும் பாகுபாடாகக் கருதும் வாதம். இதைப் படித்துவிட்டுத்தான் உங்கள் ஆய்வே காலாவதி ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் கேள்வியை மறுபடி படியுங்கள். ஒரே தவறு, இரண்டு பிள்ளைகள், இரண்டு தண்டனைகளா? இது விளைவைப் பற்றிய கேள்வி இல்லை, நடத்தும் விதத்தைப் பற்றியது. ஒரே செயலுக்கு இனம் பார்த்து வேறு வேறு தண்டனை கொடுப்பது 1964 குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பின்படி அன்றும் தவறு, இன்றும் தவறு. அந்தச் சட்டத்தை எவ்வளவு குறுக்கி வாசிப்பவர்களும் இதை மறுக்க முடியாது. முன்னுரையில் இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். உங்களை எதிர்க்க வருபவரும் சரி, வேலைக்கு எடுக்க யோசிப்பவரும் சரி, ஒப்புக்கொண்ட தரையில் நின்றுகொண்டு உங்களோடு பேச வேண்டியிருக்கும்.

அதனால் ஆய்வேட்டின் எடையை எங்கே வைப்பது என்பதும் தெளிவாகிறது. ஃபெடரல் தரவில் 2017-18 கல்வியாண்டில் 100 மாணவரில் சுமார் 15 பேர் கறுப்பினத்தவர். பள்ளியிலிருந்து சஸ்பெண்ட் ஆன 100 பேரில் சுமார் 38 பேர் கறுப்பினத்தவர். பார்த்ததும் மனம் கனக்கிற எண்தான். ஆனால் "அவர்கள் அதிகம் தவறு செய்கிறார்களோ என்னவோ" என்று சொல்பவரை இந்த எண் அசைக்காது. மாநிலப் பதிவு அசைக்கும். டெக்சஸில் மாணவரை வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்கும் ஒவ்வொரு தண்டனையையும், அதற்கான காரணக் குறியீட்டோடு, பள்ளிகள் மாநிலத்துக்கு அனுப்பியாக வேண்டும். 2011-ல் ஏறத்தாழ 10 லட்சம் டெக்சஸ் மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து ஆறு வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து வந்த அறிக்கையை நீங்கள் மேற்கோள் காட்டியிருப்பீர்கள். பத்தில் ஆறு பேர் வரை ஒரு தடவையாவது வகுப்பிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்கப்பட்டிருந்தார்கள். சட்டமே கட்டாயமாக்கிய தண்டனைகள் மொத்தத்தில் 3 சதவீதம்தான். மிச்சமெல்லாம் பள்ளியின் விருப்பப்படி கொடுத்தவை. 80-க்கும் மேற்பட்ட மற்ற காரணிகளைச் சமன்செய்த பிறகும், அந்த விருப்பத் தண்டனை கறுப்பின மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு 31 சதவீதம் அதிகம். ஆசிரியர் தன் மனசுப்படி முடிவெடுக்கும் இடத்தில்தான் வித்தியாசம் வருகிறது என்பதைக் காட்டிய வேலை அது. செய்தவர்களில் ஒரு பகுதியினர் டெக்சஸ் ஏ அண்ட் எம்மின் ஆய்வகத்தினர். அந்த மண்ணிலேயே, அந்த மாநிலப் பதிவுகளையே வைத்துச் செய்தார்கள்.

ஆகவே டெக்சஸ் இயல்கள் இரண்டையும் முன்னால் கொண்டுவாருங்கள். ஃபெடரல் இயலைச் சுருக்கிப் பின்னணி ஆக்குங்கள். பொதுவில் கிடைக்கும் ஃபெடரல் கோப்புகளை இன்றே இறக்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள். 1968-லிருந்து தொடர்ந்து வரும் கணக்கெடுப்பு அது. அடுத்த சுற்று எப்படி வரும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

"எங்கள் பிள்ளைகளைப் பற்றி நீ ஏன் எழுதுகிறாய்?"

இந்தக் கேள்வியால் நீங்கள் இரண்டு வாரம் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் நீங்கள் சொன்ன பதில், "எங்கள் ஊரில் சாதி, உங்கள் ஊரில் இனம், இரண்டும் ஒன்றுதான், எனக்குப் புரியும்." கண்டிக்கவில்லை, ஆனால் அந்தப் பதில் அவருக்கு ஏன் போதவில்லை என்று எனக்குத் தெரிகிறது. இரண்டும் ஒன்று இல்லை. அடிமை வணிகம், பிரித்துவைத்த பள்ளிகள், பள்ளிகளை இனவாரியாகப் பிரிக்கக் கூடாது என்ற 1954-ன் பிரவுன் தீர்ப்பு, அதற்குப் பிறகும் 1974-ல் டெட்ராய்ட் வழக்கில் நகர எல்லையைத் தாண்டிப் பிள்ளைகளைக் கலக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது, இதெல்லாம் அவர்கள் வீட்டுக் கதை. நம்மூரிலேயே பாருங்கள். இட ஒதுக்கீட்டில் படித்த பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைக்கு, பக்கத்துத் தெரு தலித் பிள்ளை வகுப்பில் என்ன அனுபவித்தாள் என்பது தானாகப் புரிந்துவிடுவதில்லை. கேட்டால்தான் தெரியும்.

அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது பதில் சொல்ல முயலாதீர்கள். உங்கள் இரண்டாம் இயலைக் கொடுத்து, "இதில் எங்கே தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறேன்?" என்று கேளுங்கள். அவருக்கு நேரம் இல்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவர் கடமை இல்லை. உங்கள் மாவட்டத்தில் சஸ்பென்ஷன் பற்றிப் பள்ளி வாரியக் கூட்டங்களில் எழுந்து பேசும் கறுப்பினப் பெற்றோர்கள் இருப்பார்கள். கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் காரணக் குறியீடுகளில் 'ஆசிரியருக்கு மரியாதைக் குறைவு' என்பது நிஜத்தில் எப்படி நடக்கிறது என்று அவர்கள் சொல்லுவார்கள்.

அத்தானுக்கு ஒரு பதில் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் டல்லாஸுக்கு வர முடிந்தது 1965 குடியேற்றச் சட்டத்தால். அதற்கு முன் இந்தியாவுக்கு வருடத்துக்கு 100 பேர்தான் ஒதுக்கீடு. பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தள்ளும் முறையை அந்தச் சட்டம் எடுத்தெறிந்தது குடிமை உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரத்தில், அதன் அலையில். செல்மாவில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போய் அடிபட்டவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் நம்மவர்கள் உள்ளே போனார்கள். 'இந்த ஊர் வம்பு' என்று அவர் சொல்வதில் நம் பங்கும் இருக்கிறது. சண்டை வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொல்லுங்கள்.

டேட்டா சயன்ஸும் மற்ற வழிகளும்

அத்தான் சொன்னதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வருடத்தில் துறை மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் லட்சக்கணக்கான மாணவர் பதிவுகளைக் கையாளும் உங்கள் புள்ளியியல் திறமையை ஆய்வேட்டுக்குள் புதைத்துவைக்காதீர்கள். பெரிய பள்ளி மாவட்டங்களில் சொந்த ஆய்வுப் பிரிவு உண்டு, மாநிலக் கல்வித் துறைகளிலும் உண்டு. ஒப்பந்த ஆய்வு நிறுவனங்கள் 2025-ல் ஆட்களைக் குறைத்தன, அங்கே இப்போதைக்கு எதிர்பார்ப்பைக் குறைவாக வையுங்கள். உதவிப் பேராசிரியர் வேலைக்கு ஒரு மாநிலத்தை மட்டும் பார்க்காமல் விண்ணப்பியுங்கள். விளம்பரம் எந்தத் துறைக்கு வந்தாலும், ஆய்வு முறை கற்றுக்கொடுக்கவும் தயார் என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

பணத்துக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. தேசியக் கல்விக் கழகமும் ஸ்பென்சர் அறக்கட்டளையும் சேர்ந்து கொடுக்கும் ஆய்வேட்டு ஃபெல்லோஷிப் 27,500 டாலர். அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. வில்லியம் டி. கிராண்ட் அறக்கட்டளை இளையோரிடையே ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஆய்வுக்கே பணம் ஒதுக்குகிறது. அதற்கு நெறியாளர் விண்ணப்பிக்கட்டும், நீங்கள் அதில் சேர்ந்துகொள்ளலாம். இவை அரசுப் பணம் அல்ல.

விசாவும் மணிவிழாவும்

முதலில் ஒரு பயத்தைக் குறைக்கிறேன். 2025-ல் மாணவர்கள் கைதான செய்திகளைப் படித்துவிட்டு, உங்கள் ஆய்வுத் தலைப்புக்காகவே விசா போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிதாகப் பேசப்பட்ட அந்த வழக்குகளின் மையம் பாலஸ்தீனம் பற்றிய பேச்சும் எழுத்தும். ஆய்வேட்டுத் தலைப்பு இல்லை. அந்த செப்டம்பர் 30-ல் மாசசூசெட்ஸ் ஃபெடரல் நீதிமன்றம், சட்டப்படி அங்கே இருக்கும் வெளிநாட்டவருக்கும் குடிமக்களுக்கு உள்ள அதே பேச்சுரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதே நேரம், உரிமை இருக்கிறது என்று கோர்ட்டில் ஜெயிப்பதற்குள் ஒருவர் வாரக்கணக்கில் காவலில் இருக்க நேர்ந்ததும் நடந்தது. ஆய்விதழில் எழுதுங்கள், மாநாட்டில் பேசுங்கள். சமூக ஊடகத்தில் கோபத்தோடு எழுதுவதை மட்டும் இந்த ஒரு வருடம் தள்ளிவையுங்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுத்த ஐ-20 படிவத்தில் உங்கள் பட்டத்துக்கு எந்தத் துறைக் குறியீடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். இதைப் பாதி மாணவர்கள் கடைசி வருடம் வரை பார்ப்பதே இல்லை. கல்வி மதிப்பீடும் ஆய்வும், கல்விப் புள்ளியியலும் ஆய்வு முறைகளும் என்ற இரண்டு குறியீடுகளும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருக்கின்றன. கல்வி நிர்வாகம் என்று இருந்தால் இல்லை. முதல் வகை என்றால் படிப்பு முடிந்து மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் 12 மாத ஓபிடி அனுமதிக்கு மேல் இன்னும் 24 மாதம் கேட்கலாம். இரண்டாவது வகை என்றால் 12 மாதத்தோடு சரி. நீங்கள் எடுத்த பாடங்கள் பெரும்பாலும் புள்ளியியல் என்பதால், வேறு குறியீட்டில் பட்டம் பெற வழி உண்டா என்று துறையில் இப்போதே கேளுங்கள். முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

பேராசிரியர் வேலை கிடைத்தால், ஃபெடரல் விதிப்படி பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல் கிடையாது, எந்த மாதமும் மனு போடலாம். 2025 செப்டம்பரில் வந்த 1,00,000 டாலர் கட்டணம், நாட்டுக்குள் இருந்தபடியே மாணவர் விசாவிலிருந்து மாறுபவர்களுக்குப் பொருந்தாது என்று குடியேற்றத் துறை அக்டோபரில் விளக்கம் கொடுத்தது. மனு நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியே போனால் அந்தச் சலுகை கைவிட்டுப் போகக்கூடும். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அன்றைய நிலையை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இனி மணிவிழா. நவம்பரில் போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் அதைத்தான் சொல்கிறேன். உள்ளே இருக்கும்வரை முத்திரை காலாவதி ஆனாலும் பரவாயில்லை, ஐ-20 செல்லுபடியாக இருந்தால் போதும். வெளியே போனால் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேரில் நின்று புது முத்திரை வாங்கித்தான் திரும்ப முடியும். கூடுதல் விசாரணை என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டால் ஜனவரி வகுப்பும் உதவியாளர் சம்பளமும் போய்விடும். ஆய்வேடு முடிய ஆறு மாதம் இருக்கும்போது அந்த ஆபத்தை நீங்கள் எடுக்க வேண்டாம்.

அதற்குப் பதிலாக மே மாதம் போய் வாருங்கள். முத்திரை ஜூலை வரை இருக்கிறது. ஐ-20-ல் பயணக் கையெழுத்து ஒரு வருடத்துக்குள் போட்டதா என்று பார்த்துக்கொண்டு, ஜூன் நடுவிலேயே திரும்பிவிடுங்கள். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். அப்பாவுக்கு அப்போது கோடை விடுமுறை, வீட்டில் இருப்பார்.

இந்த ஆய்வு அப்பாவுக்குப் புரியவில்லை, "அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நீ ஏம்மா?" என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் முப்பது வருடம் பள்ளியில் இருந்தவர். ஊரில் இருக்கும் நாட்களில் ஒரு சாயங்காலம் அவரிடம் கேளுங்கள்: ஒரே சேட்டை செய்த இரண்டு பையன்களில் யாரை வாத்தியார் "பார்த்து நடந்துக்க" என்று விட்டார், யாரை "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று வாசலில் நிறுத்தினார்? அந்தப் பையனின் அப்பா கூலி வேலையை விட்டுவிட்டு வர முடியாமல் போனபோது பையன் எத்தனை நாள் பள்ளிக்கு வரவில்லை? அவருக்குப் பெயர்களே ஞாபகம் இருக்கும். அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டாம் இயலில் என்ன இருக்கிறது என்று அதற்கப்புறம் சொல்லுங்கள்.